மணி கேட்ட ஊர்

ஆலய மணியோசையால் பொழுதை அளந்து வளர்ந்தவர்கள் நாம். ஆகவே, மணி கேட்டுப் புத்தகம் பெற்ற ஓர் அமெரிக்கச் சிற்றூரின் வரலாறு நம்மைச் சற்றே சங்கடப்படுத்துகிறது.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1778இல் தனி ஊராகப் பிரிந்த அவ்வூரார், பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் பெயரையே தம் ஊருக்குச் சூட்டினர். மணி ஒன்று தந்தால் செபக்கூடத்திற்குக் கோபுரம் எழுப்புவதாகவும் அவரிடம் விண்ணப்பித்தனர். பாரிஸ் அருகே தூதராயிருந்த அவரோ, கோபுரச் செலவு இப்போது வேண்டாம், ஓசையினும் அறிவே மேல் என்று கருதினார். 25 பவுண்டு பெறுமான நூல்களைத் தேர்ந்து தருமாறு 1785இல் இலண்டன் நண்பர் ரிச்சர்டு பிரைசுக்கு எழுதினார். பிரைஸ் ஒரு சமயப் போதகர். வந்து சேர்ந்த 116 நூல்களில் சமயமே மிகுந்திருந்ததில் வியப்பில்லை.

நூல்கள் வந்ததும் நூலகம் பிறந்துவிடவில்லை. அவற்றை யார் யாருக்கு இரவல் தருவது என்பதில் பூசல் மூண்டது. பங்குப் பேரவைக் கூட்டங்களில் அமர்ந்தவர்களுக்கு இது விளங்கும்! இறுதியில், 1790 நவம்பரில் கூடிய ஊர்க்கூட்டம், ஊரார் அனைவருக்கும் கட்டணமின்றி இரவல் தர வாக்களித்தது. அந்நூல்களைப் பொதுச்சொத்தாக்கியது கொடையன்று, இந்த வாக்கே என்போம் நாம். அச்செய்தியைக் கேட்க ஃபிராங்க்ளின் இல்லை. அவ்வாண்டு ஏப்ரலிலேயே மறைந்துவிட்டார்.

அமெரிக்காவின் முதல் பொது நூலகம் தமதே என்கின்றனர் அவ்வூரார். 1833இல் பொதுப்பணத்தில் நூலகம் கண்ட நியூ ஹாம்ப்ஷயரின் பீட்டர்பரோ இதை ஏற்காது. அவ்வழக்கை அவர்களுக்கே விடுவோம். 1904இல் எழுந்த ரே நினைவு நூலகத்தில் ஃபிராங்க்ளின் அளித்த நூல்கள் இன்றும் காக்கப்படுகின்றன.