கேரவன் இன்ஜினில் புரியாத சத்தம்: ஓரங்கட்டணுமா, ஓட்டலாமா? கண்டுபிடிப்பது எப்படி?

குடும்பத்தோட வாடகை கேரவனில் மூணாறு கிளம்பியாச்சு. போடியைத் தாண்டி மலை ஏறும்போது முன்பக்கம் எங்கிருந்தோ 'டொக் டொக்'னு ஒரு சத்தம். "டீசல் வண்டின்னா அப்படித்தான் சார்" என்கிறார் டிரைவர். "இல்லப்பா, நேத்து இந்தச் சத்தம் இல்லை" என்கிறார் பின்னால் படுத்திருக்கும் தாத்தா. இருட்டுவதற்குள் ஊர் போய்ச் சேரணும். நிறுத்தணுமா, ஓட்டலாமா?

கேரவன் என்பது வேன் அல்லது பஸ் சேஸிஸ் மேல் கட்டிய ஒரு சின்ன வீடு. பல வேன்களில் இன்ஜினின் பின்பாதி டிரைவர் சீட்டை ஒட்டியே இருக்கும். அதோட பலகைத் தளம், அலமாரி, தண்ணீர் டேங்க் எல்லாம் சேர்ந்து சத்தத்தைக் கடத்தும். அதனால் முன்னால் எழும் சத்தம் கட்டிலுக்கு அடியில் கேட்கலாம், பின்னால் எழுவது முன்னால் கேட்கலாம். இந்த வண்டியில் காதை நம்பி 'இங்கேதான்' என்று கை காட்டுவது பெரும்பாலும் தப்பாகத்தான் போகும்.

எனவே 'என்ன சத்தம்?' என்பதை விட 'எப்போது வருது, எப்போது நிக்குது?' என்ற கேள்விதான் முக்கியம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம்.

யோசிக்காமல் அணைக்க வேண்டிய நேரம்

டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி மாதிரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிகிறது, கூடவே அடியிலிருந்து கனமான 'டொங் டொங்' கேட்கிறது என்றால் ஆராய்ச்சிக்கு நேரமில்லை. ஓரங்கட்டி இன்ஜினை உடனே அணைக்கணும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போயிடலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

காரணம் இதுதான். கிராங்க் ஷாஃப்ட்டும் அதன் பேரிங்குகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் மெல்லிய ஆயில் படலம் இருக்கு. ஆயில் பிரஷர் விழுந்தால் அந்தப் படலம் போய், உலோகத்தோடு உலோகம் உரசும். சில நிமிஷங்களிலேயே பேரிங் தேய்ந்து, கனெக்டிங் ராடு ஆடத் தொடங்கும். நீங்கள் கேட்பது அந்தத் தட்டலைத்தான். ராடு உடைந்தால் இன்ஜின் பிளாக்கையே குத்திக்கொண்டு வெளியே வரும். தட்டல் வந்த பிறகு ஆயில் ஊற்றி, விளக்கு அணைந்தாலும் ஓட்டக்கூடாது. டோ வண்டிதான் வழி. வாடகை வண்டி என்றால் டிரைவர் சமாதானம் சொன்னாலும் உரிமையாளரிடமே பேசிடுங்க.

டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போயிருந்தாலும், ஆம்புலன்ஸ் சைரன் போல ஒரு ஊளைச் சத்தத்தோடு நீலப் புகை வந்தாலும் இதே கதைதான். முதலாவதில் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீங்க. இரண்டாவது, டர்போவின் பேரிங் போகிறது என்பதற்கான அறிகுறி.

நிறுத்தி வைத்து முதல் சோதனை

எச்சரிக்கை விளக்கு எதுவும் இல்லையா? அப்படியென்றால் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் வைத்து ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதியுங்கள். ஓடும்போது எந்த ஆர்பிஎம்மில் சத்தம் வந்ததோ, அதே இடத்தில் இப்போதும் வருதா?

வந்தால் இன்ஜின் அல்லது அதில் மாட்டியிருக்கும் ஏதோ ஒன்று. வரவில்லை என்றால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தேடலாம். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. பாரம் இழுக்கும்போது மட்டும் வரும் சத்தம் நியூட்ரலில் வராது. அதற்குச் சாலையிலேயே இன்னொரு சோதனை இருக்கு. காலியான, நேரான சாலையில் ஒரே வேகத்தில், உதாரணமாக மணிக்கு 50 கிலோமீட்டரில், ஒருமுறை மூன்றாவது கியரிலும் ஒருமுறை நான்காவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறியும் சத்தத்தின் வேகம் மாறவில்லை என்றால் அது சக்கரத்தோடு சுற்றும் பொருள்: வீல் பேரிங், டயர், புரொப்பல்லர் ஷாஃப்ட். கியரோடு சத்தமும் மாறினால் இன்ஜின் பக்கம்.

நீள வண்டிகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ஒரு சென்டர் பேரிங் தாங்கும். அது போனால் 'இன்ஜின் உறுமுது' என்றுதான் எல்லாரும் சொல்வாங்க. கிளம்பும்போது ஒரே ஒரு 'டங்' என்றால் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்யும்போதும் அணைக்கும்போதும் மட்டும் 'டம்' என்று ஒரு உதறல் வந்தால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற கேரவன் என்றால் டயரே ஒருபக்கம் தட்டையாகி, தடதடவென்று அடிக்கும்.

இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருளவிட்டுச் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீங்க. பவர் ஸ்டீயரிங்கும் போகும், பிரேக்கின் பூஸ்டரும் போகும்.

கிளட்ச், ஏசி, காலை நேர அலறல்

நின்றபடியே கிளட்சை மிதியுங்கள். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர்பாக்ஸ் முன் பேரிங் மேல் சந்தேகம். மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். பிறகு ஏசியை ஆன், ஆஃப் செய்யுங்கள். கூடவே மாறினால் கம்ப்ரஸர் அல்லது அதன் பெல்ட்.

கேரவனுக்கே உரிய ஒரு சத்தம் உண்டு. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜும் ஃபேனும் பேட்டரியில் ஓடியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் காலியான அந்த பேட்டரிகளை நிரப்ப ஆல்டர்னேட்டர் முழு பலத்தோடு வேலை செய்யும். தளர்ந்த பெல்ட் அதைத் தாங்காமல் 'கீச்' என்று அலறும். பேட்டரி ஏற ஏறச் சத்தம் குறைந்துவிடும். மதியம் மெக்கானிக்கிடம் போனால் ஒன்றுமே இருக்காது! ஹெட்லைட், ஏசி புளோயர் எல்லாம் போட்டால் திரும்ப வருதா என்று பாருங்கள். வந்தால் பெல்ட், டென்ஷனர், ஆல்டர்னேட்டர் இந்த மூன்றில் ஒன்று.

மெக்கானிக் அந்த பெல்ட்டைக் கழற்றிவிட்டு சில விநாடிகள் மட்டும் இன்ஜினை ஓட்டிப் பார்த்தால் கேள்வி பாதியாகிவிடும். சத்தம் நின்றால் இன்ஜினுக்குள் பிரச்சினை இல்லை. நீண்ட நேரம் ஓட்டக்கூடாது, பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது.

'டிக் டிக்' சத்தத்தைச் சும்மா விடாதீங்க

ஆளை அதிகம் ஏமாற்றுவது இந்தச் சத்தம்தான். வால்வு கிளியரன்ஸ் கூடினால் 'டிக் டிக்' வரும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் லேசாகக் கிழிந்தாலும் அதே 'டிக் டிக்'. ஒரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு கிராங்க் இரண்டு முறை சுற்றும்போது ஒருமுறை திறக்கும். புகைக்கசிவும் அதே கணக்கில்தான். ஐடிலில் 800 ஆர்பிஎம் என்றால் இரண்டுமே நிமிஷத்துக்கு 400 முறை, அதாவது விநாடிக்கு ஏழுக்கும் கொஞ்சம் குறைவு. காதால் எண்ணிப் பிரிக்க முடியாது.

பிரிப்பது சூடுதான். கேஸ்கெட் கசிவு குளிர்ந்த இன்ஜினில் பலமாகவும், சூடேறி உலோகம் விரிந்ததும் மெல்லவும் கேட்கும், சில நேரம் அடங்கியே போகும். மேடு ஏறும்போது கூடும். இணைப்புப் பக்கத்தில் கரி படிந்திருக்கும், கேபினில் புகை வாடை வரலாம். வால்வு சத்தம் என்றால் இந்தக் கரியும் வாடையும் இருக்காது.

சாதாரண லாரியில் இது மைலேஜ் பிரச்சினை. ஆள் தூங்கும் வண்டியில் உயிர்ப் பிரச்சினை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிய வந்தது. அங்கே புகை வந்தது இன்ஜினிலிருந்து அல்ல, ஜெனரேட்டரிலிருந்து. ஆனால் தளத்தில் இருக்கும் ஓட்டைக்கு இரண்டும் ஒன்றுதானே? புது 'டிக் டிக்' கேட்கும் வண்டியில், அது என்னவென்று தெரியும் வரை இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு ஏசியில் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைக் கட்டில் பக்கத்தில் வைத்தால் நல்லது.

பயப்பட வேண்டாத சத்தங்கள்

மலை ஏறும்போது திடீரென்று காற்றாடி போல 'ஹோ' என்று இரைந்தால், சூடு கூடி விஸ்கஸ் ஃபேன் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அதன் வேலையே அதுதான். காலைக் குளிரில் டீசல் இன்ஜின் கொஞ்சம் கூடுதலாகத் தட்டுவதும், சூடானதும் குறைவதும் இயல்பு. பிஎஸ்-6 வண்டிகளில் புகை வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்யும்போது ஐடில் ஏறி, சத்தம் முரடாகும். டெஃப் திரவம் ஊற்றும் வண்டிகளில் இன்ஜினை அணைத்த பிறகும் ஒரு பம்ப் கொஞ்ச நேரம் முனகும்.

வீட்டுச் சத்தங்களும் உண்டு. விட்டு விட்டு 'டர்ர்ர்' என்று வருதா? தண்ணீர் பம்ப் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். குழாய் எங்கேயோ சொட்டினால் பிரஷர் இறங்கி அது தானாகவே ஓடும். அடுப்பின் கம்பித்தட்டு, அலமாரிக் கதவு, சைலன்ஸர் மேல் இருக்கும் தகடு, இவை எல்லாம் 'இன்ஜின் கோளாறு' கணக்கில் எழுதப்பட்ட வரலாறு நிறைய.

மெக்கானிக்கிடம் என்ன சொல்றது?

ஷெட்டுக்குப் போனதும் சத்தம் மாயமாகிவிடும், இது எல்லா வண்டிக்கும் பொது விதி. அதனால் சத்தம் வரும்போதே பக்கத்து சீட்டில் இருப்பவர் ஆர்பிஎம் மீட்டரும் ஸ்பீடோமீட்டரும் தெரியும்படி போனில் வீடியோ எடுக்கட்டும். குளிர்ந்ததிலா சூட்டிலா, ஏற்றத்திலா இறக்கத்திலா, ஏசி ஓடியதா என்பதையும் அதிலேயே பேசிப் பதிவு செய்யுங்கள். சத்தத்தை வாயால் செய்து காட்டவும் கூச்சப்படாதீங்க. கடகட, படபட, கிணிகிணி, கரகர எல்லாம் வேறு வேறு கோளாறுகள். தமிழ் இலக்கண வகுப்பில் படித்த இரட்டைக்கிளவி முழுசாகப் பயன்படும் ஒரே இடம் மெக்கானிக் ஷெட்தான் போல!

நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் பாகத்தில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பது இன்றும் நல்ல முறைதான். சத்தம் எங்கே பலமாக இருக்கிறதோ அதுவே பெரும்பாலும் இடம். அதை மெக்கானிக்கே செய்யட்டும், ஓடும் பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் துப்பட்டா, வேட்டி, துண்டு எதுவும் போகக்கூடாது. பெல்ட், மவுண்டிங், ஆயில் அளவு, சைலன்ஸர் தகடு இவற்றைப் பார்க்காமலேயே "இன்ஜினை இறக்கணும்" என்று யாராவது சொன்னால் இன்னொரு ஷெட்டில் கேட்பது தப்பில்லை.

ஒரு பழைய வித்தையை மட்டும் அனுமதிக்க வேண்டாம். எந்த சிலிண்டர் தட்டுகிறது என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் இன்ஜெக்டர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தளர்த்துவது அந்தக்கால டீசல் வண்டிகளில் வழக்கம். சிஆர்டிஐ இன்ஜினில் அந்தக் குழாய்க்குள் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் நிற்கிறது. ஊசி போலப் பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகலாம். அதே வேலையை ஸ்கேனர் மாட்டி, இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தே செய்துவிடலாம்.