சாம்பவர் வடகரையிலிருந்து புறப்பட்ட பாடநூல்

சென்ற சாரல் பருவத்தில் நம் மாணவர் ஒருவர் கனத்த புத்தகம் ஒன்றின் ஒளிநகலைச் சுமந்துகொண்டு துறைக்கு வந்தார். லாஜிக் புரோ என்னும் இசையமைப்பு மென்பொருளைக் கற்பிக்கும் ஆங்கிலப் பயிற்சிநூல் அது. டேவிட் நமானி எழுதியது. தென்காசியில் அதைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரையும் அவர் அறியார். அகராதியும் புத்தகமும் கடன் வாங்கிய கணினியுமே அவருக்குக் குருகுலம். தமிழ்ப் பாடம் நடத்தும் நம்மிடம் அவருக்கு என்ன வேலை என்று கேட்டோம். தாம் செய்த பயிற்சி ஒன்றைக் காதில் மாட்டிக் கேட்கச் சொன்னார்.

காவடிச்சிந்து மெட்டொன்றை விசைப்பலகையில் வாசித்துப் பதிந்திருந்தார். புத்தகம் சொன்னபடி 'குவாண்டைஸ்' என்னும் கட்டளையையும் கொடுத்திருந்தார். முன்பின்னாக விழுந்த சுரங்களைக் கணினி வகுத்த காலக் கட்டங்களுக்குள் நகர்த்தி அமர்த்தும் கட்டளை அது. கேட்டோம். பிழை ஏதும் இல்லை. ஆனால் ஏதோ ஒன்று போய்விட்டிருந்தது. மாணவரே சொன்னார்: "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். ஆனா காவடி ஆடல."

இந்த ஒரு வாக்கியத்துக்குள் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று அடங்கியிருப்பதாக நமக்குப் பட்டது. இசையைப் புத்தகத்தில் எழுத முடியுமா, புத்தகத்திலிருந்து கற்க முடியுமா என்னும் கேள்வியின் வரலாறு அது. அதன் முக்கியமான பக்கங்கள் சில நம் வட்டாரத்திலேயே எழுதப்பட்டன.

குற்றாலத்திலிருந்தே தொடங்குவோம். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி 18ஆம் நூற்றாண்டின் படைப்பு. பதிப்புகளில் பாடல்களின் தலைப்பில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். மெட்டு இல்லை. இராகப் பெயர் ஊரின் பெயரைப் போன்றது. அந்த ஊரில் எந்தத் தெரு வழியாக நடப்பது என்பதை அது சொல்லாது. வசந்தவல்லி பந்தடிக்கும் தாளகதி சொற்களின் துள்ளலிலேயே தெரிகிறது. ஆனால் முதன்முதலில் பாடியவர் குரல் எப்படி ஏறி இறங்கியது என்பது அவரோடு போயிற்று. 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்திராவில் இக்குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கியபோது வீணை கிருஷ்ணமாச்சாரியார் அதற்கு இசையமைக்க வேண்டியிருந்தது. சொல் ஏட்டில் நின்றது. இசையைப் புதிதாகவே பெற வேண்டியிருந்தது.

இந்த இழப்பைத் தடுக்கும் பெருமுயற்சி ஒன்று பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் எட்டயபுரத்தில் நடந்தது. கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி 1890களில் வெளியிட்டுவந்த சின்னசாமி முதலியார், எட்டயபுரம் அரண்மனை வித்துவான் சுப்பராம தீட்சிதரைத் தம்மிடமுள்ள செல்வத்தையெல்லாம் எழுத்தில் தரும்படி வேண்டினார். தயங்கிய தீட்சிதர், பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவோடு 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை 1904இல் வெளியிட்டார். சுரங்களோடு நின்றுவிடாமல், ஒரு சுரத்தை அசைப்பது, வழுக்குவது முதலான கமகங்களுக்குத் தனித்தனி அடையாளங்களையும் அச்சில் ஏற்றினார். நூல் தெலுங்கு எழுத்தில் அமைந்தது. அன்றைய வித்துவான்களுக்கு அது இயல்பு. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த சிறுவனுக்கு அது பூட்டிய பெட்டி.

அப்பூட்டைத் திறக்க முனைந்தவர் தென்காசிக்கு அருகிலுள்ள சாம்பவர் வடகரையில் 1859இல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். தஞ்சையில் சித்த மருத்துவராகப் பெயரும் பொருளும் ஈட்டியவர். 1917இல் வந்த அவருடைய 'கருணாமிர்த சாகரம்' ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய இசையாராய்ச்சி. அதைப் போற்றுவோர் பலர். அதற்கு முன்பே அவர் தொடக்க மாணவர்களுக்கென்று 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்னும் நூலை ஆக்கினார் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. இசை பயிலும் பிள்ளை அன்று கன்னடத்திலும் வடமொழியிலும் கீதங்களையும், தெலுங்கில் வர்ணங்களையும் பொருள் தெரியாமலே உருப்போட்டது. பண்டிதர் அதே வரிசைமுறையைக் கைக்கொண்டு, கீதமும் வர்ணமும் கீர்த்தனையும் தமிழில் இயற்றிச் சுரத்தோடு தந்தார். பாடமுறையை அவர் தள்ளவில்லை. பாடத்தின் பொருளை மாணவனின் வீட்டு மொழிக்குக் கொண்டுவந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றவரின் கை அதில் தெரிகிறது.

தஞ்சையில் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி இசை மாநாடுகள் கூட்டினார் பண்டிதர். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் தம் குடும்பத்துப் பெண்களின் இசையோடு தம் கொள்கையை முன்வைத்தார். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் 22 என்பது வழிவழி வந்த மதம். சிலப்பதிகாரத்தையும் கணிதத்தையும் துணைக்கொண்டு 24 என்றார் அவர். பலர் ஏற்கவில்லை. வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

இங்கேதான் மாணவரின் கணினி நம் கவனத்துக்கு வருகிறது. மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள 1983இல் 'மிடி' என்னும் பொதுமொழி வகுக்கப்பட்டது. அதில் சுரங்களுக்கு 128 எண்கள் உண்டு. சுரத்தை வளைப்பதற்குத் தனிச் செய்தி உண்டு. அதன் படிகள் 16,384. வழக்கமான அமைப்பில் அப்படிகள் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அரைச்சுரங்களுக்குப் பங்காகின்றன. ஓர் அரைச்சுரத்துக்கு 4,096. 22 என்பாரும் 24 என்பாரும் அதற்குள் தாராளமாகக் குடியிருக்கலாம். நுட்பம் போதாது என்று இனி எவரும் குறைசொல்ல இயலாது. ஆனால் எந்தப் படியில் எவ்வளவு நேரம் நின்று எப்படி இறங்குவது என்பதை அந்த எண் சொல்வதில்லை. அதற்குக் கேட்ட காது வேண்டும். சுப்பராம தீட்சிதரின் கமகக் குறிகளுக்கும் நிலை இதுவே.

அப்படியானால் புத்தகம் பயனற்றதா? காருகுறிச்சி அருணாசலம் போன்ற மேதை, டி.என். இராஜரத்தினம் பிள்ளையிடம் இருந்து கற்றவர். அந்த வழிக்கு ஈடில்லை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் குருகுலத்தின் வாயில் எல்லார்க்கும் திறந்திருந்ததில்லை. பிறப்பாலோ வறுமையாலோ தொலைவாலோ வெளியே நின்றவர்கள் ஏராளம். சென்னையில் 2008இல் ஏ.ஆர். ரகுமான் தொடங்கிய இசைக் கல்லூரி போன்ற இடங்களுக்குச் சென்று இத்தொழில்நுட்பத்தைக் கற்கலாம். பயணமும் கட்டணமும் எல்லார்க்கும் இயல்வதில்லை. வெளியே நிற்பவரிடம் பேசும் ஆசிரியர் புத்தகம்தான். குறைபட்ட ஆசிரியர், ஆனால் யாரையும் திருப்பி அனுப்பாதவர்.

மாணவரின் சிக்கலுக்குக் காரணமும் புத்தகத்தின் தவறன்று. மேற்கத்தியத் தாளக்கட்டிலும் கிதாரிலும் பழகிய மாணவனை நினைத்து எழுதப்பட்ட நூல் அது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் சிந்து இன்றைய இதே தென்காசி மாவட்டத்தில் பிறந்து, கழுகுமலைக்கு நடந்தவர்களின் தோளில் வளர்ந்தது. அந்த நடையில் அடி விழும் இடம் கட்டத்துக்குச் சற்றே முன்னும் பின்னும் அசையும். அந்த அசைவே காவடி.

இரண்டு மாதம் கழித்து அவர் மீண்டும் வந்தார். பிந்தைய இயல் ஒன்றில், ஒலிப்பதிவிலிருந்து தாளப்போக்கைப் பிரித்தெடுத்து அதையே கட்டமாக வைத்துக்கொள்ளும் முறையைக் கண்டிருந்தார். ஊர்க்கொடையில் தவில்காரர் ஒருவரின் வாசிப்பைக் கைபேசியில் பதிந்து, அந்தப் போக்கிலே சிந்தை அமர்த்தியிருந்தார். முழுமை இல்லை. ஆயினும் இம்முறை நம் தலை தானாக அசைந்தது. வழியைப் புத்தகம் காட்டிற்று. எதைத் தேட வேண்டும் என்பதை ஊர் சொல்லியிருந்தது.

ஒளிநகலைப் புரட்டிப் பார்த்தோம். பக்க ஓரங்களில் ஒவ்வொரு கட்டளைக்கும் தமிழில் குறிப்பு எழுதி வைத்திருந்தார். 'குவாண்டைஸ்' என்ற சொல்லுக்கு எதிரே 'அடியைக் கட்டத்தில் நிறுத்தல். சிந்துக்கு ஆகாது' என்றிருந்தது. சாம்பவர் வடகரைக்காரர் செய்த வேலையின் தொடர்ச்சி இந்த ஓரக்குறிப்பு என்றே எண்ணுகிறோம். இவற்றைத் திரட்டி ஒரு நூலாக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறோம். மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு நம்முடையது.