சுடுகாட்டு மல்லியும் மறுசிகிச்சையும்

சேலம் சமவெளியிலும் சேர்வராயன் மலையடிவாரத்திலும், எவரும் நட்டு நீரூற்றாமலேயே பூத்துக் கிடக்கும் செடி நித்தியகல்யாணி. நம் கல்லறைத் தோட்டங்களிலும் அது மண்டிக் கிடப்பதைக் காண்கிறோம். 'சுடுகாட்டு மல்லி' என்னும் பெயரும் அதற்கு உண்டு. மங்கலமும் மரணமும் ஒரே செடிக்குப் பெயராயின. அச்செடியின் வரலாற்றை இன்று நினைவுகூரக் காரணம் உண்டு.

புற்றுநோய் ஒருமுறை நீங்கி, சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தலைகாட்டும்போது, நம் இல்லங்களில் எழும் முதல் சொல் 'இனி அவ்வளவுதான்' என்பதே. முதன்முறை துணிவோடு மலையிறங்கிச் சென்று சிகிச்சை பெற்றவர்கள்கூட, இரண்டாம் முறை ஏற்காட்டை விட்டு இறங்க மறுத்துவிடுவதுண்டு. இந்த 'அவ்வளவுதான்' என்பதை மருத்துவ வரலாறு ஏற்கிறதா?

1947-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், இரத்தப் புற்றால் சாகும் நிலையிலிருந்த குழந்தைகளுக்கு 'அமினாப்டெரின்' என்னும் மருந்தைக் கொடுக்கத் தொடங்கினார். அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948-இல் வெளிவந்த அறிக்கையின்படி, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் அத்தணிவு நிலைக்கவில்லை, நோய் திரும்பிற்று. அன்றே 'அவ்வளவுதான்' என்று ஏட்டை மூடியிருந்தால், இன்று அந்நோயிலிருந்து குணமாகும் பெரும்பான்மையான குழந்தைகள் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்கள். நோய் திரும்பியதே, ஒரு மருந்து போதாது, பல மருந்துகள் சேரவேண்டும் என்பதைக் கற்பித்தது.

அப்படிச் சேர்ந்த மருந்துகளுள் ஒன்று நம் கல்லறைச் செடியிலிருந்து வந்தது. நீரிழிவுக்கு உதவுமா என்று நித்தியகல்யாணி இலையைச் சோதித்த கனடா நாட்டு ஆய்வாளர்கள் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் இருவரும், அதன் சாறு இரத்த வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டனர். 1958-இல் 'வின்பிளாஸ்டின்' வெளிப்பட்டது. 1963-இல் 'வின்கிறிஸ்டின்' அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையைப் பிழிந்தாலும் மருந்து கிராம் கணக்கில்தான் தேறும். தென்மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் இச்செடியைப் பயிரிடும் உழவர்களுள் எத்தனை பேர் இதன் பயனை அறிவரோ!

வின்கிறிஸ்டினோடு வேறு மூன்று மருந்துகளைச் சேர்த்து, நிணநீர்க் கணுக்களைத் தாக்கும் ஹாட்ஜ்கின் நோய்க்கு 1960-களில் வின்சென்ட் டெவிட்டாவும் அவர்தம் குழுவினரும் சிகிச்சை வகுத்தனர். பலர் நலம் பெற்றனர். சிலருக்கு நோய் மீண்டது. அவர்களுக்கு அதே மருந்துகளை மறுபடி கொடுத்துப் பார்த்து, 1979-இல் அதன் பயனை வெளியிட்டனர். முதல் சிகிச்சைக்குப் பின் ஓராண்டுக்கு மேல் நலமாயிருந்தவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு நோய் இரண்டாம் முறையும் முற்றாகத் தணிந்தது. விரைவில் நோய் திரும்பியவர்களுக்கோ அத்துணை நற்பயன் இல்லை. இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். எல்லாப் புற்றும் ஒன்றல்ல, எல்லா மறுசிகிச்சையும் குணம் தருவதுமில்லை. சிலருக்கு அது ஆயுளை நீட்டும், சிலருக்கு வலியைக் குறைக்கும்.

நம் மாநிலத்திலும் இத்தகைய பிடிவாதத்திற்குச் சான்று உண்டு. 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அத்துயரை மனத்தில் சுமந்து, 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மறு ஆண்டே அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும்வரை அதை விட்டு அகலவில்லை.

நோயாளியின் இல்லத்திற்குக் குரு எண்ணெய்ச் சிமிழோடு வருவதைக் கண்டதும் அழுகை எழுவது நம்மிடையே இன்னும் மாறவில்லை. 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பழம்பெயர் விட்டுச்சென்ற அச்சம் அது. 'நோயில்பூசுதல்' என்று இன்று வழங்கும் இந்த அருளடையாளத்தை, நலம் பெற்றவர் மீண்டும் கடுமையாக நோயுற்றால் மறுபடியும் பெறலாம் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. நோய் திரும்பும் என்பதையும், திரும்பியவர் மீண்டும் எழக்கூடும் என்பதையும் எண்ணியே இச்சட்டம் எழுதப்பட்டது போலும்.

ஆதலால் மலையிறங்க ஒருப்படுவோர் பழைய மருத்துவக் காகிதங்களை வீட்டில் விட்டுச் செல்லவேண்டாம். எந்த மருந்து, எத்தனை தவணை, எந்த மாதத்தில் முடிந்தது என்பதைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.