எண்ணிக்கையும் எடையும்: சட்டசபைத் தேர்தல்களில் முஸ்லிம் லீக்

இந்தியாவில் ஒரு மாநிலத்தின் சட்டசபைத் தேர்தல் முடிவு வந்ததும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "நம்மட ஆக்கள் எத்தின பேர் வந்திருக்காங்க?" என்பதுதான். கேள்வியில் பிழையில்லை. ஆனால் அது பாதிக் கேள்வி. வந்தவர்கள் இல்லாமல் அங்கே ஆட்சி நடக்குமா, நடக்காதா என்பது மற்றப் பாதி. இந்த மற்றப் பாதியை விளங்கிக்கொள்ள, பழைய சென்னை மாகாணத்திலும் பின்னர் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் முஸ்லிம் லீக் முகங்கொடுத்த தேர்தல்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணச் சட்டசபைக்கு 215 ஆசனங்கள். அதில் 28 முஸ்லிம்களுக்கென ஒதுக்கப்பட்டவை. முஸ்லிம் பெண்ணுக்கென இன்னொன்றும் இருந்தது. அந்தத் தொகுதிகளில் முஸ்லிம்களே நிற்பார்கள், முஸ்லிம்களே வாக்களிப்பார்கள். 1937இல் இவற்றில் பாதியைக்கூட லீக்கினால் எடுக்க முடியவில்லை. 1946இல் நிலைமை தலைகீழாக மாறி, ஏறத்தாழ எல்லாமே லீக்கின் கைக்கு வந்தன. காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிப் எதிர்க்கட்சித் தலைவரானார். பார்வைக்கு இது பெரிய வெற்றி. ஆனால் அதே சபையில் காங்கிரஸுக்கு 160க்கும் மேற்பட்ட ஆசனங்கள் இருந்தன. லீக் உறுப்பினர்கள் பேசலாம், பதிவு செய்யலாம், கண்டிக்கலாம். அவர்கள் எழுந்து வெளியே போனாலும் ஆட்சிக்கு ஒன்றும் ஆகாது.

பிறகு பிரிவினை வந்தது. 1947 ஆகஸ்டில் அரசியல் நிர்ணய சபையில் தனி வாக்காளர் தொகுதி தொடர வேண்டும் என்று மலபாரைச் சேர்ந்த பி. போக்கர் சாகிப் பிரேரித்தார். சர்தார் பட்டேல் கடுமையாக எதிர்த்தார்; பிரேரணை தோற்றது. பொதுத் தொகுதிகளில் சிறுபான்மைச் சமயத்தவருக்குச் சில இடங்களை ஒதுக்கலாம் என்ற ஏற்பாடு மட்டும் மிஞ்சியது. 1949 மே மாதம் அதுவும் கைவிடப்பட்டது. இதற்கிடையில் 1948 மார்ச் 10ஆம் திகதி சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடியவர்கள், கட்சியைக் கலைத்துவிடச் சொன்னவர்களின் பேச்சைக் கேளாமல், இஸ்மாயில் சாகிப்பின் தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கை அமைத்தார்கள்.

ஒதுக்கிய ஆசனம் ஒன்றுகூட இல்லாமல் 1952இல் முதல் பொதுத் தேர்தல் வந்தது. சென்னை மாநிலச் சட்டசபையில் 375 ஆசனங்கள். லீக்குக்குக் கிடைத்தவை வெறும் 5. அந்த ஐந்தும் மலபாரிலிருந்து வந்தவை. தமிழ் பேசும் மாவட்டங்களிலிருந்து ஒன்றுமில்லை. ஆனால் காங்கிரஸுக்கும் 152தான். பெரும்பான்மைக்கு 188 வேண்டும். ராஜாஜி ஆட்சியமைக்க அங்குமிங்கும் ஆதரவு தேட வேண்டியிருந்தது. லீக்கின் ஐந்து பேரும் அவருக்குக் கைகொடுத்தார்கள். 28 பேர் இருந்தபோது யாருக்கும் தேவைப்படாதவர்கள், 5 பேரானபோது தேவைப்பட்டார்கள்!

1956 நவம்பரில் மலபார் கேரளத்தோடு போனது. 1957இல் 126 ஆசனங்கள் கொண்ட கேரள சபையில் லீக்குக்கு 8, ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. 1959 ஜூலையில் அது கலைக்கப்பட்ட பின், 1960இல் காங்கிரஸும் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியும் லீக்கும் ஒன்றாக நின்றன. லீக்குக்கு இப்போது 11. முன்னையதைவிடக் கூடதான். ஆனால் கணக்கைப் பாருங்கள்: காங்கிரஸுக்கு 63, பிரஜா சோஷலிஸ்டுகளுக்கு 20. இருவரும் சேர்ந்தால் 83. பெரும்பான்மைக்கு 64 போதும். கூட நின்று வென்ற லீக்குக்கு அமைச்சுப் பதவி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கே.எம். சீதி சாகிப்புக்குச் சபாநாயகர் கதிரை மட்டும் கொடுத்தார்கள். 1961இல் அவர் வபாத்தானதும் அந்தக் கதிரைக்கு வந்த சி.எச். முகம்மது கோயா, கட்சி அங்கத்துவத்தை விட்டுவிட்டே அதில் அமர வேண்டியிருந்தது. அவரும் அதே ஆண்டிலேயே அந்தப் பதவியைத் துறந்தார். கூட்டணியில் இருப்பது வேறு, கூட்டணிக்குத் தேவைப்படுவது வேறு என்பதை லீக் அப்போது நன்றாகவே உணர்ந்திருக்கும்.

1967இல் அது யாருடன் போனது? எட்டு வருடங்களுக்கு முன்னர் எந்த ஆட்சியை இறக்கத் தெருவில் நின்றதோ, அதே ஈ.எம்.எஸ்ஸுடன்! கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாகப் பிளந்திருந்த நேரம் அது. 133 ஆசனங்களில் மார்க்சிஸ்டுகளுக்கு 52, லீக்குக்கு 14. லீக்கின் 14ஐக் கழித்தாலும் அந்த முன்னணிக்குப் பெரும்பான்மை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மார்க்சிஸ்டுகளால் தனியே நிற்க முடியாது. தம்மிடமிருந்து பிரிந்துபோன தோழர்களை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. சி.எச். கல்வி அமைச்சரானார், எம்.பி.எம். அஹமது குரிக்களும் அமைச்சரானார். 1968இல் கோழிக்கோடு பல்கலைக்கழகம் வந்தது. 1969 ஜூன் 16இல் மலப்புறம் மாவட்டம் பிறந்தது. "குட்டிப் பாகிஸ்தான்" என்று சொல்லி எதிர்த்தவர்கள் பலர். கல்முனைக் கரையோர மாவட்டக் கோரிக்கை நம் நாட்டில் கிளப்பிய பேச்சுக்களைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இராது. அதே ஆண்டு ஒக்டோபரில் ஈ.எம்.எஸ். ஆட்சி விழுந்தபோது, அடுத்து வந்த அச்சுத மேனன் ஆட்சியிலும் லீக் இருந்தது. 1979இல் சி.எச். சில வாரங்கள் முதலமைச்சராகவே இருந்தார்.

அதே 1967இல் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? அண்ணாதுரையின் தி.மு.க.வோடு லீக் கூட்டுச் சேர்ந்தது. கூட்டணி அமோகமாக வென்றது. ஆனால் 234 ஆசனங்களில் தி.மு.க. தனியே 137ஐ எடுத்தது, லீக்குக்கு 3. தேர்தல் மேடையில் தேவைப்பட்ட லீக், சபைக் கணக்கில் தேவைப்படவில்லை. இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2011 குடிசன மதிப்பீட்டின்படி கேரளத்தில் முஸ்லிம்கள் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம். மலப்புறத்தில் நூற்றுக்கு 70 பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவு. அவர்களும் வாணியம்பாடி, கீழக்கரை, காயல்பட்டினம், மேலப்பாளையம் என்று தூரந்தூரமாகச் சிதறி வாழ்கிறார்கள். திருநெல்வேலிக்காரரான, தமிழே தாய்மொழியான காயிதே மில்லத்தும் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தடவையும் லோக்சபைக்குப் போனது மலையாள மண்ணின் மஞ்சேரித் தொகுதியிலிருந்துதான். மஞ்சேரி மக்கள் மொழி பார்க்கவில்லை என்று நாம் பெருமைப்படுவதுண்டு. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் தமிழ்நாட்டில் அவருக்கு அப்படியொரு தொகுதி ஏன் இருக்கவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும்.

இந்த வரலாற்றிலிருந்து மூன்று விடயங்கள் எனக்குத் தெளிவாகின்றன. ஒரு சமூகத்தின் வாக்கு ஆசனமாவதற்கு, அந்தச் சமூகம் எங்கே வாழ்கிறது, எல்லைக் கோடு எப்படிப் போடப்படுகிறது என்ற இரண்டும் வேண்டும். ஆசனம் அதிகாரமாவதற்கு மூன்றாவதாக ஒன்று வேண்டும்: வெல்பவர் தனியே வெல்லாதிருக்க வேண்டும். முதலாவது நம் கையில் இல்லை. மூன்றாவதும் பெரும்பாலும் இல்லை. நடுவில் உள்ள எல்லைக் கோடு ஒன்றுதான், நேரகாலத்தோடு போய்ப் பேசினால் கொஞ்சமாவது மாற்றக்கூடியது.

இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதல்ல. இனவாரிப் பிரதிநிதித்துவத்தை 1931இல் டொனமூர் திட்டத்தோடு நாமும் இழந்தவர்கள். நமது மாகாண சபைகளே 1987இன் இலங்கை இந்திய உடன்படிக்கைக்குப் பின், இந்திய மாநிலங்களைப் பார்த்து அமைக்கப்பட்டவை. விகிதாசார முறையில் சிதறி வாழ்பவரின் வாக்கும் மாவட்ட மட்டத்தில் ஒன்றுசேர்ந்தது. 2017இன் திருத்தச் சட்டம் பாதி உறுப்பினர்களைத் தொகுதிவாரியாகத் தெரிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்தில் ஒருவரின் ஆதரவும் இல்லாமல் தோற்றது. மாகாண சபைத் தேர்தலும் அத்தோடு நின்றுபோயிற்று.

தேர்தல் எப்ப வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். வரும்போது கோடு எங்கே கிடக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. அம்பாறையில் சேர்ந்து வாழும் முஸ்லிம்களுக்குத் தொகுதி முறை மலப்புறம்போல அமையலாம். குருநாகலிலும் கண்டியிலும் மாத்தறையிலும் ஊரூராகப் பிரிந்து வாழ்பவர்களுக்கு அது தமிழ்நாடுபோலத்தான் அமையும். எல்லோருக்கும் ஒரே கோரிக்கை என்று மேடையில் பேசுவது சுலபம். ஆனால் இந்த இரு சாராருக்கும் வேண்டியது ஒன்றல்ல. எல்லை நிர்ணயக் குழு அடுத்த முறை மனுக்களைக் கேட்கும்போது, கிராம சேவகர் பிரிவுகளின் வரைபடத்தையும் சனத்தொகைக் கணக்கையும் கையில் வைத்திருக்கும் ஒரு சிலராவது ஒவ்வொரு மாவட்டத்திலும் நம்மிடையே இருக்க வேண்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் பாடசாலைச் சமூகமும் அந்த வேலையை இப்போதே தொடங்கலாம். தேர்தல் அறிவித்த பிறகு தொடங்கினால், மிஞ்சுவது "எத்தின பேர் வந்திருக்காங்க" என்ற பாதிக் கேள்வி மட்டும்தான்.