பாக்கெட்டுக்குள் ஒரு யுத்தம்

கைக்கு அடக்கமான துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பாக்கெட்டில் போட்டால் வெளியே தெரியாது என்று பெருமையடிப்பார்கள். அடுத்த வரியிலேயே, 'ஆனா தோட்டா சின்னது, பவர் பத்தாது' என்று அலுத்துக்கொள்வார்கள். பழைய புலம்பல்!

அமெரிக்கரான ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1910 மாடல் இந்த ரகம்தான். சுமார் 15 சென்டிமீட்டர் நீளம். உருவும்போது துணியில் சிக்காதபடி, சுத்தியலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. தயாரித்தது, பெல்ஜியத்தில் லீஜ் நகரை ஒட்டிய ஹெர்ஸ்டால் ஆலை.

1914, ஜூன் 28. சரயேவோவில் 19 வயது காவ்ரிலோ பிரின்சிப் கையில் இருந்தது அதுதான். இரண்டே தோட்டா. ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் பெர்டினாண்டும் மனைவி சோபியும் இறந்துபோனார்கள். ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்த வல்லரசுகளுக்கு அந்தச் சாக்கு போதாதா?

ஆகஸ்ட் 4, ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தது. முதல் பெரிய குறி எந்த ஊர் தெரியுமோ? லீஜ்!

பவர் பத்தாதாம்.