குடுமியான்மலை இசைக் கல்வெட்டு யாருக்குப் பாடம்?

குடுமியான்மலை இசைக் கல்வெட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறார்கள்: அதைச் செய்த அரசன் யார்? இக்கேள்விக்கு அழுத்தமான விடை தந்தவர் சி. மீனாட்சி. பல்லவர் காலத்து ஆட்சியையும் சமூக வாழ்வையும் ஆராய்ந்து 1938இல் வெளிவந்த நூலில், அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மனே என்று அவர் வாதிட்டார். இன்று பாடநூல்கள் வரை அந்த முடிவு பரவியிருக்கிறது. ஆனால் கல்வெட்டின் இறுதி வாசகம் அரசனின் பெயரைச் சொல்லவே இல்லை. ருத்ராசாரியரின் சீடனும் பரம மாகேசுவரனுமாகிய ஓர் அரசன், சீடர்களின் நன்மைக்காக இந்த ஸ்வராகமங்களைச் செய்தான் என்பதுதான் அது தரும் செய்தி. அந்தச் சீடர்கள் யார் என்ற கேள்விக்கு உரிய இடம் இதுவரை கிடைக்கவில்லை. முன்பே கை பழகிய வீணைக் கலைஞர்களுக்கான உயர்நிலைப் பயிற்சியையே இக்கல்வெட்டு தருகிறது என்பது என் துணிபு.

மீனாட்சியின் வாதத்தை முதலில் பார்க்க வேண்டும். அவர் முக்கியமாக இரண்டு சான்றுகளை நம்பினார். ஒன்று, மகேந்திரனின் விருதுப் பெயர்களுள் ஒன்றான சங்கீர்ணஜாதி. இதை அவர் இசையோடு சேர்த்துப் பொருள் கொண்டார். மற்றொன்று மாமண்டூர்க் கல்வெட்டு. மகேந்திரனின் நாடகமான மத்தவிலாசத்தின் பெயர் வரும் அக்கல்வெட்டில், முன்பு இல்லாத ஓர் இசை முயற்சியை மன்னன் செய்ததாக ஒரு குறிப்பை அவர் படித்தார். இரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. மகேந்திரன் கலைஞன் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் மாமண்டூர்க் கல்வெட்டு மிகவும் சிதைந்தது. அவர் பொருள் கொண்ட இடத்திலேயே எழுத்துகள் தொடர்ச்சியாக இல்லை. இடைவெளியை நிரப்பிப் படிக்கும்போது, படிப்பவரின் எதிர்பார்ப்பும் உள்ளே புகுந்துவிடுகிறது.

இதைவிட வலுவான தடை ஒன்று உண்டு. மகேந்திரன் தன் பெயரை மறைப்பவன் அல்லன். மண்டகப்பட்டில் விசித்திரசித்தன் என்று தன்னை அறிவித்துக்கொண்டான். திருச்சிராப்பள்ளிக் குகையிலும் பல்லாவரத்திலும் விருதுகளை வரிசையாக வெட்டுவித்தான். அப்படிப்பட்டவன், தன் இசைப் புலமையின் உச்சத்தைப் பாறையில் பொறிக்கும்போது மட்டும் வெறும் ‘அரசன்’ என்று நின்றிருப்பானா? அவனுடைய கல்வெட்டுகள் தெற்கே திருச்சிராப்பள்ளியோடு நின்றுவிடுகின்றன; குடுமியான்மலை அதற்கும் தெற்கே, புதுக்கோட்டைச் சீமையில் இருக்கிறது. பரம மாகேசுவரன் என்ற அடைமொழியோ எந்தச் சைவ மன்னனுக்கும் பொருந்தும். அரசன் பாண்டியனா, முத்தரையர் வழியில் ஒருவனா, பல்லவனேதானா என்று கையிலுள்ள சான்றுகளைக் கொண்டு நான் தீர்ப்பெழுத மாட்டேன்.

காலமும் அப்படித்தான். 1904இல் கல்வெட்டுத் துறையினரின் பார்வைக்கு வந்த இதை எபிகிராபியா இண்டிகாவின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்த பி. ஆர். பண்டார்கர், எழுத்தமைதியைக் கொண்டு 7ஆம் நூற்றாண்டு என்றார். எழுத்தமைதி மட்டும் காட்டும் காலத்தைச் சில பத்தாண்டுகள் முன்பின்னாக நகர்த்த முடியும். இக்கல்வெட்டிலுள்ள ஏழு கிராமராகங்களையும் சொல்லும் நாரதீய சிக்ஷை என்ற நூலின் காலமும் உறுதிப்படாததால், அதை வைத்து இதைக் கணிப்பதும் சரியாகாது.

இனிப் பாறைக்கு வருவோம். சிகாநாதர் கோயிலுக்குப் பின்னால், மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறைச்சரிவில் ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடிப் பரப்பில் கிரந்த எழுத்துகள் நிறைந்திருக்கின்றன. சிவனுக்கு வணக்கம் சொல்லித் தொடங்கும் கல்வெட்டு மத்தியமக்கிராமம், ஷட்ஜக்கிராமம், ஷாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்தியமம், கைசிகம் என்று ஏழு பகுதிகளாகச் செல்கிறது. ஸ்வரங்கள் நான்கு நான்காகக் கட்டப்பட்டுள்ளன. ஒவ்வொரு ஸ்வரத்தின் எழுத்தும் அ, இ, உ, எ என்னும் உயிரொலிகளுள் ஒன்றை ஏற்று வருகிறது. ஒரு வரிசையிலுள்ள நாற்ஸ்வரக் கட்டுகள் ஒரே ஸ்வரத்தில் வந்து முடிவதும், அடுத்த வரிசை வேறொரு ஸ்வரத்தை முடிவாகக் கொள்வதும் இதன் அமைப்பு. பகுதிகளின் தலைப்பே நான்கு மீட்டுகளைப் பேசுவதால், இது குரலுக்கு எழுதப்பட்டதாகத் தோன்றவில்லை. நரம்பின் மேல் விரல் விழும் வேலை இது.

இங்கே இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். சாகித்தியம் இல்லை, தாளக்குறி இல்லை, நரம்பைச் சுருதி கூட்டும் முறை இல்லை. உயிரொலி வேறுபாட்டுக்கு விளக்கம் ஒரு சொல்லளவும் இல்லை. அந்த வேறுபாடு சுருதி நுட்பத்தைக் காட்டுகிறதா, மீட்டும் முறையைக் காட்டுகிறதா என்று ஆய்வாளர்கள் நூறாண்டுக்கு மேலாகப் போராடிக்கொண்டிருப்பதற்குக் காரணம், எழுதியவனுக்கு அதை விளக்கும் தேவையே இல்லாதிருந்ததுதான். படிப்பவர் அறிந்தவர் என்று அவன் நம்பியிருக்கிறான். இதற்கு மறுப்பும் சொல்லலாம்: பக்கத்தில் ஆசிரியர் நின்று வாயால் விளக்கியிருப்பார், ஆகவே தொடக்க மாணவருக்கும் இது பாடமாயிருக்கலாம். நான் இதை ஏற்கவில்லை. கற்கத் தொடங்குபவருக்கு ஒரு ராகத்தின் சஞ்சாரம் போதும். ஏழு கிராமராகங்களிலும், ஒவ்வொரு முடிவு ஸ்வரத்தையும் தனித்தனியே எடுத்து, அதை வந்தடையும் வழிகளை அடுக்கிக் காட்டுவது, தேர்ந்த கை தன் பழக்கத்தை உடைத்து விரிவதற்கான பயிற்சி. இன்றைய வைணிகர் மனோதர்மத்துக்கு ஆயத்தமாக ஒரு ஸ்வரத்தில் நின்று பின்னல்களைத் தேடும் சாதகத்துக்கு இது மிக நெருக்கமானது.

கல்வெட்டின் அடியில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்று பொருள்படும் தமிழ் வரி ஒன்று இருக்கிறது. எட்டும் ஏழும் நரம்புகளின் எண்ணிக்கை என்று கொள்வோர் உண்டு. அதுவே சரியெனில், ஒரு கருவியில் தேறியவர் அதே பாடத்தை மற்றொரு கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்ற அறிவிப்பாக அதைக் கொள்ள இடமுண்டு. அருகிலுள்ள வலம்புரிக் கணபதியின் பக்கத்தில் பரிவாதினி என்ற சொல் வெட்டப்பட்டிருக்கிறது. அது ஏழு நரம்பு வீணையின் பெயர். இந்தச் சொல் திருமயத்திலும் மலையக்கோயிலிலும் வருகிறது. திருமயத்து இசைக் கல்வெட்டு பெரும்பாலும் அழிந்துவிட்டது. எனினும் இவ்விரண்டு ஊர்களிலும் எஞ்சிய துண்டுகளில் கற்றலைக் குறிக்கும் சொல்லும் குணசேன என்ற பெயரும் கிடைக்கின்றன. அப்பெயரை மகேந்திரனின் குணபரன் என்ற விருதோடு ஒட்டவைக்க ஆசை எழும். அந்த ஆசைக்கு இடம் தரக்கூடாது. மூன்று இடங்களில் ஒரே கருவியும் கற்றலும் சேர்ந்து வருவது, தனி அரசனின் புலமைக் காட்சி என்பதைவிட, இப்பகுதியில் இயங்கிய ஒரு பயிற்சி மரபு என்ற விளக்கத்துக்கே பொருந்துகிறது. இங்கே சான்று மெலிந்ததுதான். அரசனை மட்டும் தேடும் வாசிப்போ இந்த மூன்று ஊர்களையும் சேர்த்து விளக்குவதே இல்லை.

கலைஞரின் தேர்ச்சி எப்படி மதிக்கப்பட்டது என்பதற்கு அடுத்த நல்ல சான்று கிடைக்கச் சில நூற்றாண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இடைவெளியை நான் சங்கிலி போட்டு இணைக்கவில்லை. 1014இல் தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டப்பட்ட கல்வெட்டு, கோயில் ஆடல்மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளோடு நட்டுவர், பாடுவோர், வீணை வாசிப்போர் எனப் பலருக்கும் பங்கு ஒதுக்குகிறது. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். பலரும் இதைப் பரம்பரை உரிமைக்குச் சான்றாக மட்டுமே காட்டுவர். அதன் நிபந்தனையை முழுதும் படித்தால் வேறொன்று தெரியும். பங்குடையவர் இறந்தாலோ ஊர் நீங்கினாலோ அடுத்த உறவினர் அதைப் பெறலாம். ஆனால் அவர் யோக்கியர் அல்லரானால் யோக்கியரான ஒருவரை அமர்த்தி வேலையைச் செய்விக்க வேண்டும். அடுத்த உறவினரே இல்லாவிட்டால், அந்தந்தத் தொழிலைச் சேர்ந்தவர்களே தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறப்பு வாசல் வரைதான் கொண்டுவிடுகிறது. தேர்ச்சியை முடிவு செய்பவர்கள் அத்துறைக் கலைஞர்களே. அந்தத் தேர்வு எப்படி நடந்தது என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை.

1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய இசைக்கல்லூரி, 1931இல் சென்னை மியூசிக் அகாடமி தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி என்று நவீனக் கல்வி வேறு வழியில் வளர்ந்த வரலாறு வாசகர் அறிந்ததே. மேடையேறிய கலைஞர் மீண்டும் மாணவராக அமரும் படிப்பு இங்கு அயல்நாட்டுக் கன்சர்வேட்டரியிலிருந்து வந்த எண்ணம் என்று சொல்லப்படுவதுண்டு. என் வாசிப்பு சரியானால், அந்த எண்ணம் புதுக்கோட்டைப் பாறையில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்தில் இருக்கிறது.

இதைக் கல்வெட்டாய்வாளர் மட்டும் தீர்க்க முடியாது. இசைத்துறைகளில் முதுநிலைப் பயிற்சி பெறும் வைணிகர்கள் இந்த நாற்ஸ்வரக் கட்டுகளைக் கருவியில் வைத்து வாசித்துப் பார்க்க வேண்டும். எந்த உயிரொலி எந்த விரலுக்கு ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போக மறுக்கிறது என்று அவர்கள் எழுதிவைக்க வேண்டும். வெயிலும் மழையும் பாறையைத் தேய்க்கும் முன், தொல்லியல் துறை இதன் ஒவ்வொரு வரியையும் நுணுக்கமாகப் படமெடுத்து அவர்கள் கையில் தர வேண்டும்.