நேர்வும் செய்முறையும் ஒன்றான வரலாறு: சோதனை மேலாண்மைக் கருவிகளும் சோதனையாளர் அனுபவமும்

மென்பொருள் சோதனையின் வரலாற்றைக் காலப்பகுப்பு செய்தவர்களுள் டேவிட் கெல்பெரின், பில் ஹெட்செல் ஆகிய இருவரும் இன்றளவும் மிகுதியாக எடுத்தாளப்படுகின்றனர். 1988 ஜூனில் அமெரிக்கக் கணினியியல் சங்கத்தின் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏசிஎம்' இதழில் வெளியான தங்கள் கட்டுரையில் அவர்கள் இவ்வரலாற்றை ஐந்து காலங்களாகப் பிரித்தனர். 1956 வரை நிரலில் உள்ள வழுவை நீக்குவதே சோதனை எனக் கருதப்பட்ட காலம். 1957 முதல் 1978 வரை நிரல் சரியாக இயங்குகிறது என்று மெய்ப்பித்துக் காட்டுவதே நோக்கமாயிருந்த காலம். 1979 முதல் 1982 வரை நிரலை உடைத்துப் பிழை காண்பதே நோக்கமாயிருந்த காலம். 1983 முதல் 1987 வரை ஆக்கத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பிடும் காலம். 1988 முதல் பிழை நேராமலே தடுக்கும் காலம் என்பது அப்பகுப்பு. முதல் எல்லைக்குச் சார்ல்ஸ் பேக்கர் 1957இல் எழுதிய நூல் மதிப்புரையும், அடுத்த எல்லைக்குக் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் வெளியிட்ட சோதனைக்கலை நூலும், அதற்கடுத்த எல்லைக்கு அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய அலுவலகம் 1983இல் வெளியிட்ட வழிகாட்டி நெறியும் சான்றுகளாக அமைந்தன.

இப்பகுப்பு நூல்களைச் சான்றாகக் கொண்டு நோக்கங்களை வரிசைப்படுத்துகிறது. அதன் வலிமையும் குறையும் அதுவே. ஒரு துறையின் சிந்தனையாளர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு நூல்கள் தக்க சான்றாகும். ஆனால் நிறுவனங்களுக்குள் நாள்தோறும் சோதனை செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு அவர்கள் நிரப்பிய படிவங்களும், பிற்காலத்தில் அப்படிவங்களைத் திரைக்குக் கொண்டுவந்த கருவிகளுமே நெருங்கிய சான்றாகும். அச்சான்றை முன்வைத்து நோக்கினால், 1988க்குப் பின் 'தடுக்கும் காலம்' ஒன்று நிறுவனங்களில் நிலைபெற்றதாகக் கொள்ள முடியவில்லை. நிலைபெற்றது பதிவு செய்யும் காலமே. பேக்கர் காலத்து மெய்ப்பிப்பும் மையர்ஸ் காலத்துப் பிழை தேடலும் மறையாமல், ஒரே அட்டவணையின் கட்டங்களுக்குள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இன்றும் வாழ்கின்றன. சோதனை மேலாண்மைக் கருவிகளைப் பற்றிச் சோதனையாளர்கள் கால் நூற்றாண்டாகச் சொல்லிவரும் குறைகளுள் பெரும்பகுதி இந்த நெருக்கத்திலிருந்தே பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

கெல்பெரின், ஹெட்செல் பகுப்பில் 1983 ஓர் எல்லைக்கல். அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆவணமோ, நிறுவனங்களின் அன்றாட வேலையைப் பொறுத்தவரை, அவர்கள் எல்லைக்கல்லாகக் கொண்ட வழிகாட்டி நெறியைவிட ஆழமான தடத்தைப் பதித்தது. அது மின், மின்னணுப் பொறியாளர் கழகம் வெளியிட்ட ஐ.இ.இ.இ. 829 என்னும் சோதனை ஆவணத் தரம். அதை உருவாக்கிய பணிக்குழுவின் தலைவராக இருந்தவர் கெல்பெரினே என்பது இங்குக் கருதத்தக்கது. காலப்பகுப்பை எழுதியவரே ஆவண வடிவத்தையும் வகுத்தவர் என்னும்போது, பகுப்பில் நோக்கத்திற்குத் தரப்பட்ட இடம் வடிவத்திற்குத் தரப்படாதது வியப்புக்குரியது. வடிவம் நோக்கத்தின் கருவி மட்டுமே, நோக்கம் மாறினால் வடிவமும் அதற்கேற்ப வளைந்துகொடுக்கும் என்ற எண்ணம் அப்பகுப்பின் அடியில் இருப்பதாகக் கொள்ளலாம். பின்வந்த வரலாறு அவ்வெண்ணத்திற்கு இடம் தரவில்லை.

1983ஆம் ஆண்டுத் தரம் எட்டு ஆவணங்களை வகுத்தது. அவை சோதனைத் திட்டம், சோதனை வடிவமைப்பு விவரம், சோதனை நேர்வு விவரம், சோதனைச் செய்முறை விவரம், சோதிக்கப்படும் பொருளை ஒப்படைக்கும் அறிக்கை, சோதனைப் பதிவேடு, நிகழ்வறிக்கை, சுருக்க அறிக்கை என்பன. இவற்றுள் எவற்றைக் கட்டாயம் எழுத வேண்டும் என்று தரம் விதிக்கவில்லை. எழுதினால் எவ்வாறு எழுதுவது என்பதையே கூறியது. பின்னணி அறிந்த வாசகர்க்கு இப்பட்டியல் புதிதன்று. ஆனால் மூன்றாவதும் நான்காவதும் ஏன் தனித்தனியாக வைக்கப்பட்டன என்பது போதிய கவனம் பெறவில்லை.

அலுவலகங்களில் டெஸ்ட் கேஸ் என்றே வழங்கும் சோதனை நேர்வு, 829இன்படி, எந்த உள்ளீட்டைக் கொடுத்தால் எந்த வெளியீடு வர வேண்டும் என்பதைக் கூறுவது. அதற்கு வேண்டிய சூழலையும், பிற நேர்வுகளோடு அதற்குள்ள சார்பையும் உடன் குறிப்பது. அதில் படிகள் இல்லை. படிகள் செய்முறை விவரத்திற்கு உரியவை: பதிவு செய்யும் முறை, ஆயத்தம், தொடக்கம், நடத்தம், அளவீடு, இடைநிறுத்தம், மறுதொடக்கம், முடிப்பு, எதிர்பாராதது நேர்ந்தால் செய்ய வேண்டியது என அவை அமையும். ஒரே செய்முறையைக் கொண்டு பல நேர்வுகளை நடத்தலாம். எதிர்பார்த்த விளைவு நேர்வில் இருக்கும். கிடைத்த விளைவோ வேறிடத்தில் இருக்கும். எதிர்பார்த்ததற்கு மாறாக ஒன்று நிகழ்ந்தால், எதிர்பார்த்தது, கிடைத்தது, செய்முறையின் எந்தப் படியில் நேர்ந்தது, மீண்டும் நிகழ்த்திப் பார்த்த முயற்சிகள், உடனிருந்து கண்டோர் ஆகிய அனைத்தையும் நிகழ்வறிக்கை ஏற்கும். பதிவேடு கால வரிசையில் எழுதப்படுவது. எதிர்பாராத ஒன்றுக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதை எழுதுவதற்கென்றே அதில் இடம் உண்டு.

இப்போது ஒரு கருவியின் திரையைப் பார்க்கலாம். மெர்க்குரி இன்டராக்டிவ் நிறுவனம் 1990களில் வெளியிட்டு, பின்னர் குவாலிட்டி சென்டர் என்று பெயர் பெற்ற டெஸ்ட் டைரக்டரில் சோதனை நேர்வு என்பது படிகளின் அட்டவணை. ஒவ்வொரு வரிசையிலும் படியின் பெயர், செய்ய வேண்டியதன் விவரிப்பு, எதிர்பார்த்த விளைவு ஆகியன இருக்கும். நடத்தும்போது அவற்றோடு கிடைத்த விளைவும் நிலையும் சேரும். நிலை என்பது பாஸ், ஃபெயில், நோ ரன், நாட் கம்ப்ளீட்டட் போன்ற சில சொற்களுள் ஒன்று. ஒரு படி ஃபெயில் ஆனால் அந்த நடத்தம் முழுவதும் ஃபெயில். தொடப்படாத படி எஞ்சியிருந்தால் நாட் கம்ப்ளீட்டட். தோற்ற படியிலிருந்தே வழு அறிக்கையைத் திறந்தால், படிகளின் விவரம் தானாகவே அதற்குள் சென்று அமரும். தரத்தில் நான்கு ஆவணங்களாக விரிந்திருந்த நேர்வு, செய்முறை, பதிவேடு, நிகழ்வறிக்கை ஆகியவை இங்கு ஓர் அட்டவணையாகவும் அதிலிருந்து கிளைக்கும் ஒரு படிவமாகவும் சுருங்கின. எதிர்பார்த்த விளைவு நேர்விலிருந்து பிரிந்து படிக்குப் படி சிதறியது. கால வரிசைப் பதிவேடு ஒரு சொல்லாகக் குறுகியது.

இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் பாடவேறுபாடு, கட்டற்ற மூல நிரலாக வழங்கும் டெஸ்ட்லிங்க் என்னும் கருவியில் கிடைக்கிறது. அதன் தொடக்கப் பதிப்புகளில் ஒரு நேர்வுக்குப் படிகள் என ஒரு பெரிய உரைப்பெட்டியும், எதிர்பார்த்த விளைவுகள் என மற்றொரு பெரிய உரைப்பெட்டியும் இருந்தன. எழுதுபவர் ஐந்து படிகளை எழுதி ஒரே விளைவைக் குறிக்கலாம். படிகளை எண்ணிடாமல் ஒரு பத்தியாகவும் எழுதலாம். செய்முறையும் நேர்வும் ஒரே பக்கத்தில் இருந்தாலும் அவற்றுக்கிடையே ஒரு சுவர் இருந்தது. 1.9ஆம் பதிப்பில் அச்சுவர் நீங்கியது: படிகள் எண்ணிடப்பட்ட தனித்தனி வரிசைகளாகி, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எதிர்பார்த்த விளைவைப் பெற்றது. அதே 1.9 வரிசையின் பிற்பட்ட பதிப்புகளில் படிக்குப் படி நிலையைக் குறிக்கும் வசதியும் வந்தது. ஜெர்மனியில் உருவான டெஸ்ட்ரெயில் இவ்விரு பாடங்களையும் விலக்காமல் வைத்துக்கொண்டது: உரையாக எழுதும் வார்ப்பு ஒன்று, படிகளாக எழுதும் வார்ப்பு ஒன்று. பழைய வடிவம் இவ்வாறு பக்கத்திலேயே எஞ்சி நிற்பது, இணைப்பு ஒரே நாளில் நேர்ந்த ஒன்றன்று என்பதைக் காட்டுகிறது.

இவ்விணைப்புக்கு மூலம் எது? இக்கருவிகள் 829இன் வழிவந்தவை என்பதே பொதுவான எண்ணம். அவ்வாறாயின் நேர்வுக்கு ஒரு பகுதியும் செய்முறைக்கு வேறொரு பகுதியும் திரையில் இருந்திருக்க வேண்டும். குவாலிட்டி சென்டரில் டெஸ்ட் பிளான், டெஸ்ட் லேப் என இரு பகுதிகள் இருப்பதைக் காட்டி இதை மறுக்கலாம். ஆனால் அப்பிரிவு எழுதுவதற்கும் நடத்துவதற்கும் இடையிலானது. நேர்வுக்கும் செய்முறைக்கும் இடையிலானது அன்று. இன்னும் வலுவான மறுப்பு ஒன்றுண்டு: ஒரு நேர்விலிருந்து வேறொரு நேர்வை அழைத்து மாறிகளை நிரப்பும் வசதி அக்கருவியில் உள்ளது, அதனால் ஒரே செய்முறையைப் பல நேர்வுகள் பகிர்ந்துகொள்ள இயலும். இது பழைய பிரிவைப் பின்வாசல் வழியாக மீட்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் மீட்க வேண்டிய தேவை எழுந்ததே, முதலில் அது இழக்கப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

மூலம் விரிதாள் என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து. லோட்டஸ் 1-2-3 வெளியானது 829 வெளியான அதே 1983இல். எக்செல் 1985இல் மேக்கின்டாஷுக்கும் 1987இல் விண்டோஸுக்கும் வந்தது. வரிசையும் நெடுவரிசையும் கொண்ட தாளில் ஒருவர் சோதனையை எழுத அமர்ந்தால், படியையும் அதன் விளைவையும் எதிரெதிரே வைப்பதே இயல்பு. செய்முறையைத் தனி ஆவணமாக வைத்து நேர்வை வேறிடத்தில் வைப்பது அத்தாளுக்கு இயல்பன்று. இதற்கு நேரடி ஆவணச் சான்று காட்டுவது கடினமாயினும், சுற்றுச் சான்று வலுவானது. குவாலிட்டி சென்டருக்கு எக்செல்லிலிருந்து நேர்வுகளை ஏற்றும் இணைப்பு மென்பொருள் வழங்கப்பட்டது. சோதனையாளர்கள் கருவிக்கு வெளியே எக்செல்லில் எழுதி முடித்தபின் மொத்தமாக ஏற்றுவதே பல இடங்களில் நடைமுறையாயிற்று. ஏற்றும்போது எந்த நெடுவரிசை எந்தப் புலத்திற்கு உரியது என்று பொருத்த வேண்டும். அப்பொருத்தம் எளிதாக அமைவதற்குக் காரணம் இரண்டின் உருவமும் ஒன்றாயிருப்பதே. தரத்தின் சொற்களைக் கருவிகள் எடுத்துக்கொண்டன. உருவத்தை எக்செல்லிடமிருந்து பெற்றன. இவ்விணைப்பு முதன்முதலில் எந்த ஆண்டில், எந்த நிறுவனத்தின் தாளில் நிகழ்ந்தது என்பதை அறுதியிட இயலாது. 1980களின் இறுதிக்கும் 1990களின் நடுப்பகுதிக்கும் இடையே என்று வைப்பதற்கு மேல் சான்று இடம் தரவில்லை.

இணைப்பை நிலைபெறச் செய்த காரணங்கள் சற்றுத் தெளிவானவை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் மின்னணுப் பதிவு விதி, 21 சி.எஃப்.ஆர். பகுதி 11 எனப்படுவது, 1997இல் நடைமுறைக்கு வந்தது. மருந்து நிறுவனங்களின் மென்பொருளைச் சோதிப்பவர்கள் யார், எப்போது, என்ன கண்டார்கள் என்பதற்கு மாற்ற முடியாத தடம் வேண்டியபோது, படிக்குப் படி நிலையும் கையொப்பமும் கொண்ட அட்டவணை அத்தேவைக்குப் பொருந்தியது. மற்றொரு காரணம் தமிழ் வாசகர்க்கு அண்மையானது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய நகரங்களின் சேவை நிறுவனங்களுக்குச் சோதனைப் பணி பெயர்ந்தபோது, எழுதுபவர் ஒரு நாட்டிலும் நடத்துபவர் மற்றொரு நாட்டிலும் கணக்குக் கேட்பவர் மூன்றாமிடத்திலும் இருந்தனர். இன்று எத்தனை நேர்வு ஓடியது, எத்தனை பாஸ், எத்தனை ஃபெயில் என்ற எண்கள் இரவோடிரவாகக் கடல் கடக்க வேண்டியிருந்தது. சொற்றொடர்களால் ஆன பதிவேடு அவ்வாறு கூட்டிக் கழிக்கப்படக்கூடியதன்று, நிலைச்சொல் கூட்டப்படக்கூடியது.

இதன் சுமை சோதனையாளர் மீது விழுந்தது. வங்கி மென்பொருளில் பணப் பரிமாற்றத்தைச் சோதிக்கும் பன்னிரண்டு படி நேர்வு ஒன்றைக் கொள்வோம். பயனர் பெயரை இடுக, முகப்புத் திரை தோன்ற வேண்டும் என்பது முதற்படி. அதே படி நூற்றுக்கணக்கான நேர்வுகளின் தலையிலும் படியெடுக்கப்பட்டிருக்கும். உள்நுழையும் திரை மாறினால் அத்தனையையும் திருத்த வேண்டும். திருத்த நேரமின்றி விட்டால் படி ஒன்றும் திரை மற்றொன்றுமாக நிற்கும். அனுபவமுள்ளவர் அதைப் புறக்கணித்துப் பாஸ் இடுவார், புதிதாகச் சேர்ந்தவர் ஃபெயில் இடுவார். மூன்றாம் படியில், சோதனைக்குத் தொடர்பில்லாத ஒரு மூலையில், கணக்கு இருப்பு ஒரு கணம் தவறாகத் தோன்றி மறைந்ததைச் சோதனையாளர் கண்டால், அதை எழுத அட்டவணையில் கட்டம் இல்லை. அந்தப் படி எதிர்பார்த்தது வேறு, அது நிறைவேறியும் விட்டது. 829இன் பதிவேட்டில் அதற்கு இடம் இருந்தது. இங்கு அது ஒரு தனி நோட்பேட் கோப்பிலோ, நினைவிலோ தங்கி மறையும். ஒரே நேரத்தில் இத்தனை பேர் என்ற உரிமக் கணக்கும், நெடுங்காலம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கிய திரையும் இக்கருவிகள் மீது சொல்லப்பட்ட பழிகளுள் உரக்க ஒலித்தவை. ஆனால் அவை காலப்போக்கில் தீரக்கூடியவை. இழந்த கட்டம் அத்தகையதன்று.

அதை மீட்கும் முயற்சி ஒன்று 2000இல் நடந்தது. ஜேம்ஸ் பாக், ஜோனதன் பாக் ஆகிய சகோதரர்கள் வகுத்த அமர்வுவழிச் சோதனை மேலாண்மை முறையில், சோதனையாளர் ஒரு குறிக்கோளை எடுத்துக்கொண்டு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இடையூறின்றிச் சோதித்து, கண்டதை உரைக் கோப்பில் எழுதி, பின் மேலாளரோடு அமர்ந்து அதைப் பேசுவார். சோதனைக்கும், வழு ஆய்வுக்கும், ஆயத்தத்துக்கும் சென்ற நேர விழுக்காடு அக்கோப்பில் குறிக்கப்படும். ஒரு சிறு நிரல் கோப்புகளைப் படித்து எண்களைத் தொகுக்கும். எண்களும் கிடைத்தன, சொற்றொடர்களும் காக்கப்பட்டன. அச்சகோதரர்கள் 829இன் பதிவேட்டை நினைந்து இதைச் செய்தனர் என்பதற்கு ஆதாரமில்லை. அவர்களது மரபு அத்தரத்தை எதிர்த்தே வளர்ந்தது. ஆயினும் செய்கையளவில், 1983இல் வகுக்கப்பட்டு அட்டவணையில் தொலைந்த பதிவேடே இங்கு மீண்டது எனலாம். கெம் கேனர், ஜேம்ஸ் பாக், பிரெட் பெட்டிகார்ட் மூவரும் எழுதிய சோதனைப் பாடங்கள் நூல், 829ஐப் பயன்படுத்துக என்ற பாடத்தையும் பயன்படுத்தாதே என்ற பாடத்தையும் அடுத்தடுத்து வைத்தது. அவர்கள் கண்ட சிக்கல் தரத்தினுடையதா, தரத்தின் பெயரால் நடந்த அட்டவணையினுடையதா என்று பிரித்துக் கேட்டிருந்தால், அவ்விரு பாடங்களுக்கும் இடையிலான முரண் பெரிதும் குறைந்திருக்கும்.

கெல்பெரினும் ஹெட்செலும் கண்ட நோக்கங்கள் உண்மையானவை. அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து முன்னதை நீக்கின என்பதே ஏற்கத்தக்கதன்று. ஒரே அட்டவணையில் எதிர்பார்த்த விளைவு என்ற நெடுவரிசை மெய்ப்பிக்கச் சொல்கிறது, வழு அறிக்கைக்கான இணைப்பு உடைக்கச் சொல்கிறது, தேவைகளோடு பொருத்தும் கட்டம் மதிப்பிடச் சொல்கிறது. மூன்றும் ஒரே பொழுதில் ஒரே சோதனையாளரிடம் கேட்கப்படுகின்றன. 829 தரம் 2008இல் திருத்தப்பட்டபோதும், 2013இல் ஐ.எஸ்.ஓ. 29119 வரிசையின் மூன்றாம் பகுதி அதன் இடத்தைப் பெற்றபோதும், அப்பகுதி 2021இல் மீண்டும் திருத்தப்பட்டபோதும் நேர்வும் செய்முறையும் தனித்தனி ஆவணங்களாகவே நீடித்தன. நிறுவனங்களில் புழங்கும் கருவிகளிலோ படியும் விளைவும் எதிரெதிரே நிற்கும் அட்டவணையே இன்றும் வழக்கில் உள்ளது.